வெறும் பீடம்

பீடம் நகர்ந்திருந்தது.

மேரன் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடியே நின்று பார்த்தாள். பேஸ்மென்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எதிரே கிடந்த பழைய பிங்பாங் மேசையில், போன சனிக்கிழமை நண்பர்களோடு பொம்மைகளை நகர்த்தி ஆடிய கதை விளையாட்டின் வரைபடம் கலைக்காமல் அப்படியே விரிந்திருந்தது. அதில் கொதிகலன் மூலையில் அவள் விட்டுவிட்டுப் போன பீடம், பொம்மையை நிற்கவைக்கிற, காசு அளவே இருக்கும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் வில்லை, இப்போது மாடிப்படியின் அடியில் இருந்தது. கதை நடத்துகிறவளின் பொம்மையை ஆட வந்தவர்கள் யாரும் தொடமாட்டார்கள். அது எழுதாத சட்டம்.

பொம்மை என்று சொல்வதும் தப்புதான். அந்தப் பீடத்தின் மேல் எதுவுமே இல்லை. ஒரு பேய் வேண்டுமென்று ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கினாள்; கொம்பு முளைத்தது, நாக்கைத் தொங்கப் போட்டது, சிறகை விரித்து நின்றது என்று எதை வாங்கி வந்து வைத்தாலும் ஆட வருகிற அந்தத் தடியன் ரெய்னோ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "ஏன் மேரன், பாவம், இதைப் பல் டாக்டர்கிட்ட காட்டலியா?" கடைசியில் எரிச்சல் தாங்காமல் வெறும் பீடத்தை எடுத்து வைத்து, "இது கண்ணுக்கே தெரியாது, இப்ப சிரி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அன்று முழுக்க ஆட்டம் அவள் கைக்குள் இருந்தது, பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

சோம்பேறித்தனம் ஒன்றும் செய்திருந்தாள். புதிதாக ஒரு வீட்டை யோசித்து வரைய அலுத்துப்போய், தன் வீட்டையே கட்டம் போட்டு வரைந்துவிட்டாள். பேஸ்மென்ட், படி, படி ஏறினால் சமையலறை, அதைத் தாண்டி நடை, நடைக் கோடியில் மகள் ஸ்வேயாவின் அறை.

"ஸ்வேயா! நீ கீழ வந்தியா?"

"இல்லம்மா!" ஏழு வயசுக் குரல், காய்ச்சலில் கரகரத்து வந்தது. "எழுந்திருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே!"

கணவன் ஆண்டர்ஸ் பனி தள்ளும் வண்டியோடு நெடுஞ்சாலையில் இருந்தான். சாயங்காலம்தான், ஆனால் ஜனவரிக்கு அதெல்லாம் தெரியுமா, தரைமட்டத்து ஜன்னலில் இருட்டு அடைத்துக்கொண்டு நின்றது. மேரன் பீடத்தைப் பழைய மூலைக்கே தள்ளிவிட்டு, இயந்திரத்தில் துணியைத் திணித்தாள். குழாயில் தண்ணீர் இரைந்து இறங்க, ஏரிக்காற்று சுவரை உரச, எங்கிருந்தோ நனைந்த கம்பளியின் புளித்த வாடை எழுந்து மெல்ல அவள் பிடரிப் பக்கமாகக் கடந்து போக, அதற்கெல்லாம் அடியில் படிப்பலகை ஒன்று, பாரம் ஏறினால் மட்டும் முனகுகிற பலகை, முனகியது.

திரும்பினாள். படியில் ஆள் இல்லை. வரைபடத்தில் பீடம் பாதிப் படி ஏறியிருந்தது.

போனை எடுத்து ரெய்னோவைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்குக் கிளம்பும்போது என் பேயை யாராவது எடுத்தீங்களா?"

"எடுத்தா நீ கையை ஒடிச்சிர மாட்டே? ஏன், வீட்டை விட்டு ஓடிப்போச்சா?"

"விளையாடாத ரெய்னோ. அது நகருது."

"அட தாயே, அப்போ ஒரு பொம்மையை ஒட்டி விடு. கண்ணுக்குத் தெரிஞ்சிட்டா அப்புறம் அதுகிட்ட என்ன பயம்? நாங்க வந்து அதை அடிச்சுப் போடறோம். சரி, இந்த வாரம் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் நான் கொண்டு வரவா?"

அவள் போனை வைத்தாள். பீடம் சமையலறைக்குள் போயிருந்தது.

சட்டென்று அதை வரைபடத்திலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான், ஒழிந்தது என்று நினைத்தாள். தலைக்கு மேலே நாற்காலி நகர்ந்தது. கனத்த காலடிகள் அங்குமிங்கும் அலைந்தன. ஐயோ, இப்போது அது எங்கே நிற்கிறது என்பதும் தெரியாமல் போயிற்று!

ஓடினாள். சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர்பெட்டி உறுமியது. ஒன்றும் இல்லை. நடையை நோக்கி அடியெடுத்து வைத்தவள் மேல் கம்பளி வாடை குப்பென்று அடித்தது, நீட்டிய விரல்கள் ஈரமான, சில்லிட்ட எதன் மீதோ பட்டன, அது பின்வாங்காமல் அவள் விரல்களோடு சேர்ந்து மூச்சு வாங்கியது. அவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றது அது. சுற்றிப் போக வழி இல்லை. கத்தினால் ஸ்வேயா எழுந்து வருவாள், நேரே அதன் மேலேயே வந்து விழுவாள்.

கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

படியில் உருண்டு விழாத குறையாக இறங்கிப் பீடத்தை வரைபடத்தில் வைத்தாள். அது அவள் விரலடியிலிருந்து வழுக்கி நடைக்கு வந்து நின்றது. பொம்மைத் தட்டைக் கவிழ்த்தாள். எதைக் கொடுப்பது? கையில் எதைப் பிடித்திருக்கிறதோ அதோடுதானே வரும்! கோடரி வைத்தவன். கத்தி வைத்தவள். எலும்புக்கூடு, அதற்கும் ஓர் ஈட்டி. ஓநாய் வேண்டாம், பல். பாழாய்ப் போகிறவர்கள், வெறுங்கையோடு ஒரு பொம்மை வார்க்கக் கூடாதா? சாமியாருக்குக்கூடக் கையில் கதாயுதம்.

பீடம் நடையின் பாதியில்.

வில். வாள். சவுக்கு. கொடுக்கு.

பீடம் அறை வாசலில்.

அப்போதுதான் வரைபடத்திலேயே அவளைக் கண்டாள். கதையில் அந்த வீட்டுக்காரி. ஏப்ரன் கட்டி, ஓடி வரும் யாரையோ அள்ளிக்கொள்வதுபோல இரு கையும் விரித்தவள். பேஸ்மென்ட் கட்டத்தில் நின்றிருந்தாள். ஆயுதம் இல்லை. யாருக்கு என்ன செய்துவிடும் இது? பசையோடு பிய்த்து எடுத்தாள். அவள் நின்ற பீடம் பேஸ்மென்டில் வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்காரியை மகளின் அறை வாசலில் நின்ற பேயின் பீடத்தின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

காலடி நின்றது.

இயந்திரமும் நின்றது.

"அம்மா!" மேலே ஸ்வேயாவின் குரல், ஆசையாக. "வந்துட்டியா!"

படி. சமையலறை. நடை. பலகை முனகவில்லை, மேரன் அதைக் கவனிக்கவில்லை. கதவு திறந்திருந்தது.

கட்டிலருகே முதுகு காட்டி ஒருத்தி நின்றாள். ஏப்ரன் முடிச்சு. பக்கவாட்டில் விரிந்த கைகள். ஸ்வேயா படுக்கையில் முட்டிபோட்டு, காய்ச்சல் முகத்தை அந்த ஏப்ரனில் புதைத்திருந்தாள்.

"ஸ்வேயா! அதை விடு! இங்க வா!"

குழந்தை திரும்பவில்லை.

மேரன் பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்தாள். ஸ்வேயா நடுங்கித் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அவள் கண்கள் மேரன் நின்ற இடத்தில் அலைந்தன. சுவரைப் பார்த்தன. எங்கும் நிற்கவில்லை.

"அம்மா... இங்க யாரோ இருக்காங்க." ஏப்ரனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "என்னைத் தொட்டாங்க. கை சில்லுனு இருந்தது. மூச்சு விடற சத்தம் கேக்குதும்மா."

"நான்தாண்டி! கண்ணு, அம்மாடி!"

"கதவைச் சாத்திட்டு வாம்மா, பயமா இருக்கு."

அது திரும்பியது. மூக்கில்லை. வாயில்லை. வழவழத்த முகத்தில் தூரிகை நுனியால் வைத்த இரண்டு கறுப்புப் புள்ளிகள். விரித்த கைகளை மடக்காமலே, நேராக மேரனை நோக்கி வந்தது.

அதன் முதுகைப் பார்த்து ஸ்வேயா சிரித்தாள்.