பாதி மழித்த முகம்

காலை எட்டு மணிக்குக் காபி டம்ளர் பறந்து வந்து மருமகளின் உதட்டைக் கிழித்தது. எறிந்தவர் மாமனார். இருபது வருஷத்தில் அவளிடம் ஒரு சுடுசொல் பேசாத மனிதர். அடுத்த நொடி எழுந்து வந்து, அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"யாருடி நீ... என் வீட்ல உனக்கென்ன வேலை..." நாக்கு குழறியது.

மாமியார் ஓடி வந்தார். "அவர்கிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்ச? நல்லாத்தானே இருந்தார்..."

பின்னால் வந்த கணவன் எதையும் விசாரிக்கவில்லை. பளாரென்று ஓர் அறை விட்டான். "எங்கப்பாவையே கை ஓங்க வச்சுட்டியே. ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தா, வீட்டு மனுஷங்க அருமை எங்க தெரியும்?"

காதுக்குள் கொய்யென்றது. வேறொருத்தியாக இருந்தால் அப்போதே பெட்டியைத் தூக்கியிருப்பாள். இவள் மாமனாரின் இடது கையைப் பார்த்தாள். அது உயிரில்லாமல் தொங்கியது. மூளைக்கு ரத்தம் போகும் வழி அடைபட்டால் என்னென்ன ஆகும் என்பதுதான் பதினைந்து வருஷமாக அவள் ஆராய்ச்சி. சாதுவான ஆளும் அடிதடியில் இறங்குவார் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமாவுக்குப் பக்கவாதம். காரை எடுங்க. என்னை அப்புறம் அடிச்சுக்கலாம்."

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான். வாசலிலேயே மாமனார் ஒரு நர்ஸை எட்டி உதைத்தார். "இது எவன் கை, வெட்டிப் போடுங்கடா" என்று தன் இடது கையைத் தானே ஓங்கி ஓங்கிக் குத்தினார். நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. மணி ஒன்பதேகால். ஜூனியர் டாக்டர் அடைப்பைக் கரைக்கும் ஊசியோடு வந்தார். "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?"

அந்தக் கேள்வியில்தான் உயிரே இருந்தது. நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பிழைக்க வழியுண்டு. அதைத் தாண்டிக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மூளைக்குள் ரத்தம் கொட்டி ஆளே போய்விடலாம்.

"எட்டு மணி வரைக்கும் ஜம்முனு இருந்தார். இவ காபி கொடுத்தப்புறம்தான் இப்படி" என்றார் மாமியார்.

மருமகள் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நரைமுடி அப்படியே முள்முள்ளாக நின்றது. தினமும் ஆறு மணிக்குச் சவரம் செய்கிறவர். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதே மறந்திருக்கிறது. அதற்கும் எவ்வளவு நேரம் முன்னால் தொடங்கியதோ, யாருக்குத் தெரியும்?

"ஊசியைக் கீழ வைங்க."

கணவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். "எங்கப்பாவைக் கொல்லப் பாக்குறியா?"

வலியில் கண் இருட்டியது. ஆனாலும் மாமியாரிடம்தான் பேசினாள். "அத்தை... என்மேல பழி போடணும்னா தாராளமா போடுங்க. நேரத்தை மட்டும் மாத்திச் சொல்லாதீங்க. மாமா செத்துடுவார்."

மாமியார் கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையை மெல்ல விலக்கினார். ஐந்து விரலும் கன்றிப் பதிந்திருந்தன.

"நாலு மணிக்கு எந்திரிக்கும்போதே அவர் அவரா இல்லம்மா... கழுத்தை நெரிச்சார். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் பழியை உன் தலையில கட்டிட்டேன்..."

கணவனின் பிடி தானாக விட்டது.

ஊசி கைவிடப்பட்டது. ரத்த ஓட்டம் குறைந்தும் சாகாமல் தாக்குப்பிடிக்கும் மூளைப் பகுதியைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் வீட்டில் திட்டு வாங்கினாள். அதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் இடது பக்கத்தை ஆளும் வலது மூளை பட்டினி கிடந்தது. ஆனால் பெரும்பகுதி உயிரோடு கிடந்தது. தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை உருவி எடுத்தார்கள்.

மதியம் மாமனார் இடது கையைத் தூக்கினார். கண் தெளிந்திருந்தது. "உதட்டுல என்னம்மா காயம்?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் மாமா."

வெளியே கணவன் தலை குனிந்து நின்றான். "தெரியாம அடிச்சுட்டேன்... மன்னிச்சிடு."

"மாமா அடிச்சதுக்கு மூளையில அடைப்பு காரணம். படம் எடுத்துப் பாத்தாச்சு. நீங்க அடிச்சதுக்கு என்ன காரணம்?"

மாமியார் மகனை நோக்கிக் கையை ஓங்கினார். மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை... இன்னைக்கு அடிச்சது போதும்."

அந்தக் கை அவள் தோளைச் சுற்றி வளைத்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் அவளுக்கு வெடித்தது. மாமியாரும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"அவ கேட்டதுக்கு நீ பதில் சொல்ற வரைக்கும் அவ அந்த வீட்டுக்கு வர மாட்டா. நானும் வர மாட்டேன்."