மூன்றாவது படி வழுக்கும்

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும் சார். இந்த லெட்டரைப் பாத்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

கணக்கு டீச்சர் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். எதிரே இருந்தவர் தபால் இலாகாவில், விலாசம் புரியாத கடிதங்களுக்கு ஆள் கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். எல்லோரும் அவரை 'நிதானம்' என்றே கூப்பிடுவார்கள். பக்கத்தில் நின்றவர் அவருடைய மைத்துனர், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பிரேக் எங்கே இருக்கிறதென்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருவார். அவருக்கு மட்டும் அது கிடையாது. கடிதத்தை அவரே பறித்துச் சத்தமாகப் படித்தார்.

"இந்த வீட்டை எடுக்க இருப்பவருக்கு: வேண்டாம். நீச்சல் குளம் படத்தில்தான் அழகு. கிண்ணத்தில் எப்போதும் பாசி. இறங்கும் கல்படியில் மூன்றாவது படி வழுக்கும். வேறு இடம் பாருங்கள்."

டைப் அடித்தது, கையெழுத்து இல்லை. காலி வீட்டின் தபால் பெட்டியில் கிடந்ததாம்.

"வேற வீடா இல்ல?" என்றார் மைத்துனர்.

"நான் வளந்த வீடு சார் அது. இருபது வருஷம் அங்கதான் வாடகைக்கு இருந்தோம். ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா என்னைக் கிண்ணத்துல நிக்க வச்சு, 'மூச்சைப் பிடி, நான் பிடிச்சிருக்கேன்'னு சொல்வார். சொல்லிட்டே கையை எடுத்துடுவார்." டீச்சர் சிரித்தார், கண் கலங்கிவிட்டது. "அப்பா போனதும் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேக்காம சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டான். ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. இப்பதான் அந்த வீடு மறுபடி வாடகைக்கு வந்திருக்கு. இதையும் விட்டேன்னா அவ்வளவுதான்."

"இப்ப குளத்தைப் பாத்தீங்களா?"

"பால்கனியிலிருந்து பாத்தேன். கிட்டப் போகத் தைரியம் வரல."

நிதானம் எழுந்து செருப்பை மாட்டினார். அதற்குள் மைத்துனர் காரைக் கிளப்பி ஹாரனும் அடித்துவிட்டார்.

மூன்றரை மணி வெயிலில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் குளம் பளபளத்தது. பாசியின் வாடைகூட இல்லை. ஓரத்தில் குனிந்து பார்த்த மைத்துனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, கல்படியே இல்ல! இரும்பு ஏணிதான் இருக்கு!"

"அதையெல்லாம் இடிச்சு ஏழு வருஷமாச்சுங்க," என்றார் வாட்ச்மேன்.

"அப்ப லெட்டர் எழுதினது புரோக்கர்தான்! வேற ஆளுக்கு வீட்டை முடிக்கப் பாக்குறார்!"

வீட்டுச் சாவியோடு அங்கேயே நின்ற புரோக்கருக்கு முகம் சிவந்தது. "நல்லா இருக்கே கதை! ஒருத்தர் காத்திட்டிருக்கார்தான், நானே சொன்னேனே. அதுக்காக நானே என் பொழைப்புல மண்ணைப் போட்டுக்குவேனா?"

"அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க," என்றார் நிதானம். டீச்சரைச் சற்றுத் தள்ளியிருந்த பெஞ்சில் குளத்துக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். பிறகு ஆழமில்லாத மூலையைக் காட்டினார். "இந்தப் பக்கத்துக்கு என்ன பேரு?"

"கிட்ஸ் ஏரியா," என்றார் புரோக்கர்.

"நாங்க சின்னத் தொட்டிம்போம்," என்றார் வாட்ச்மேன்.

மைத்துனர் வாயைத் திறந்து, மாமாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அன்று அவர் பிரேக் போட்டது அந்த ஒரு தடவைதான்.

நாலு மணிக்கு நாற்பது தாண்டிய ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "வீடு கிடைச்சிடுச்சா?"

"பேசிடலாம். இந்த மூலைக்கு உங்க காலத்துல என்ன பேரு சார்?"

வந்தவர் தண்ணீரைப் பார்த்தார். முகம் இளகியது. "இதுவா? கிண்ணம்."

பெஞ்சில் இருந்தவர் சட்டென்று திரும்பினார். வந்தவர் நின்ற இடத்திலேயே சிலையாகிவிட்டார்.

நிதானம் மெல்லச் சொன்னார். "எழுதினவர் மனசுல கல்படி இன்னும் இருந்தது. அப்ப ஏழு வருஷத்துக்கு முன்னாடியே இங்கிருந்து போனவர். கிண்ணங்கிற பேரு இங்க யாருக்கும் தெரியல. என்கிட்ட ஒருத்தங்கதான் அதைச் சொன்னாங்க, அதுவும் வீட்டுப் பேச்சுல. அவங்களுக்கு அது சாதாரண வார்த்தை. அதனாலதான் லெட்டர்ல கண்ணுல படல. அது ஒரு குடும்பத்தோட பேரு சார்."

"அப்பா வச்ச பேரு," என்றார் அண்ணன். "எடுக்கப்போறது நீன்னு சத்தியமாத் தெரியாதும்மா. யாரோ எவரோன்னு நெனச்சேன். அந்தச் சாவியைக் கொடுத்த அன்னிலேருந்து எனக்கு நிம்மதி இல்ல. மறுபடி கேக்க வந்தா, முந்திட்டாங்கன்னு சொன்னாங்க."

"அதுக்குப் பொய் எழுதுவியா? பாசியாம், பாசி!"

"பாசி பொய்தான். மூணாவது படி பொய்யில்ல. விழுந்தது நீதானே? தூக்கிட்டு ஓடினது யாரு?"

டீச்சரின் கை தானாக முழங்கால் தழும்பைத் தொட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டார். சற்றுத் தயங்கி, பேண்ட்டை மடித்துக்கொண்டு அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புரோக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அஞ்சாகப் போகுது. யார் பேருக்குங்க எழுதுறது?"

மைத்துனர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெயில்ல கண்ணு எரியுது மாமா," என்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

டீச்சர் திரும்பாமலே பதில் சொன்னார். "ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க. ஆனா பால்கனி ரூம் எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்பவும் உனக்குத்தானே குடுத்தாரு அப்பா," என்றார் அண்ணன்.