நடுங்காத குரல்

"ஆஆஆ..." என்று செல்வின் மூச்சு தீரும்வரை இழுத்தான். ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்த குரல்மானி பச்சையாக எரிந்தது. "நரம்பில் குறையில்லை. வாழ்த்துகள்," என்றது.

"வாழ்த்தாம் வாழ்த்து! இதத் தூக்கிக் கடல்ல போடணும்," என்றாள் ஜெசிந்தா. புருஷனின் வலது கை மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள்.

குரல்நாணின் நுண்ணிய அதிர்வை அளந்து, கை நடுங்கத் தொடங்கும் முன்பே நடுக்குவாதத்தைச் சொல்லிவிடும் கருவி அது. அது வந்த பிறகு மருத்துவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சிவப்பு எரிந்தால்தான் மருந்தறை திறக்கும். ஆனால் சிவப்பு எரிந்தவர்கள் கிரேனையோ வண்டியையோ தொட முடியாது. விடுவார்களா? தூத்துக்குடியின் கிரேன்காரர்கள் கூட்டமாக மாதா கோயில் பாடற்குழு மாஸ்டரிடம் போய், நடுங்காமல் பேசப் பழகினார்கள். செல்வின்தான் முதல் மாணவன். இப்போது தூக்கத்தில் உளறினால்கூட அந்தக் குரல்தான் வருகிறது. பழைய குரல் எங்கே போய்த் தொலைந்ததோ!

"இயல்பாப் பேசுங்கண்ணே," என்றான் கருவிப் பொறுப்பாளன் மகேந்திரன்.

"இயல்பாத்தான் பேசுதேன்," என்றான் செல்வின், செய்தி வாசிப்பவனைப் போல.

ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, அவரு கையப் பாருங்க. கண்ணு இருக்குல்லா?"

"இருக்குக்கா. கருவி ஒத்துக்கிடாம நான் என்ன செய்ய?"

"எத்தன தடவ இதையே சொல்லுவிய! மனுசன் சோறு அள்ளித் தின்ன முடியாம கெடக்காரு! இப்பவே மருந்து குடுத்தாத்தான் நோய் நிக்கும்னு நீங்கதான சொன்னிய?" கத்திய கத்தலில் தொண்டை அடைத்து, அவள் குரல் உடைந்து நடுங்கியது.

குரல்மானி சிவப்பாக எரிந்தது. "ஜெசிந்தாவுக்கு நடுக்குவாதம், தொடக்க நிலை. மருந்து அனுமதிக்கப்பட்டது."

மருந்தறைக் கதவு திறந்துகொண்டது.

மகேந்திரன் பதறிப்போனான். "அக்கா, தப்பாக் காட்டுது. உடனே மறுப்புச் சொல்லுங்க. ஒங்க ஆட்டோ உரிமம் போயிரும்!"

செல்வின் கிரேன் வேலையை விட்டதிலிருந்து அந்த ஆட்டோவில்தான் வீடே ஓடுகிறது. மருந்தறைக்குள் அடுக்கியிருந்த மாத்திரைப் பெட்டிகளை ஜெசிந்தா பார்த்தாள்.

"சரியாத்தான் காட்டுது. எடுத்துக் குடுங்க."

"வேண்டாம்ட்டி," என்றான் செல்வின். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. குரல் மட்டும் கணீரென்று வந்தது, சனியன்!

வெளியே வந்து, அவனைப் பின்னால் ஏற்றிவிட்டு, அவள் ஆட்டோவில் சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பவில்லை.

"நோயின் காரணமாக உங்கள் உரிமம் ரத்து செய்யப்பட்டது," என்றது வண்டி. "பாதுகாப்பான பயணத்துக்குத் தயவுசெய்து எழுந்து, பின்னிருக்கையில் உள்ள செல்வினை ஓட்டச் சொல்லுங்கள்."

"நாசமாப் போவ!" என்று அதை ஓர் உதை உதைத்துவிட்டு, நடுங்கும் கையைப் பிடித்து அவனை இறக்கிக்கொண்டு, ஜெசிந்தா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.