கண்ணாடியில் இரண்டு வாய்

ஒலிப்பதிவின் பன்னிரண்டாவது நிமிடத்தில் "தெலே" என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

ஒருவர் நோயாளி. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த மனிதரின் வாயில் மிஞ்சியிருப்பது அந்த ஒரே சத்தம்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் தெலே, மனைவியைக் கூப்பிட்டாலும் தெலே. இன்னொரு குரல் யாருடையது என்று பேச்சுப் பயிற்சியாளர் மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டார். அறையில் இருந்தது மூன்றே பேர். நோயாளியின் மனைவி வாயைத் திறக்கவே இல்லை. அந்த நிமிடத்தில், "நாக்கை மேல தூக்குங்க" என்று தான் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

கருவியில்தான் கோளாறு. இந்த ஆஸ்பத்திரியில் வாங்கிப் போடுவதெல்லாம் இந்த லட்சணம்தான்.

பதினெட்டு வருடத் தொழிலில் நோயாளிகள்மேல் அவருக்கு மிச்சமிருந்தது இளக்காரம் ஒன்றுதான். பேசுவதற்கு எத்தனையோ தசைகள் ஒத்துழைக்க வேண்டும். குழந்தையில் உளறி உளறித்தான் மூளை அதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு ரத்தக்கட்டி வந்தால் மறுபடி அரிச்சுவடி. இதைப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "மூளைக்கு நல்லது கெட்டது தெரியாது. நூறு தடவை எதைச் செய்றீங்களோ, அதையே பழகிக்கும்."

இந்த ஆள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவராம். முப்பது வருடம் ஊரையே வண்டியேற்றி அனுப்பிய குரலாம். இப்போது எச்சில் ஒழுகத் தெலே. தாடையை இடப்பக்கம் கோணி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, கேன்டீனில் பயிற்சியாளர் அதைச் சொல்லிக் காட்டினால் நர்ஸுகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்வார். இரண்டு மாதம், நாள் தவறாமல். எந்த நோயாளியும் இத்தனை அக்கறையாகப் பயிற்சி எடுத்ததில்லை.

மதியம் தன் மனைவிக்கு போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். மறுமுனையில் தட்டு கழுவும் சத்தம் நின்றது.

"என்னங்க, போதும். அந்த மனுஷன் மாதிரி பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஒழுங்காத்தானே பேசுறேன்." அவர் காதில் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது.

"பாப்பா கேட்டுட்டு இருக்கா. பயப்படறா. வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு உதட்டைத் தடவிப் பார்த்தார். வாய்தான் அவருடைய சோறு. அது போனால், இத்தனை நாள் தான் பழித்துக் காட்டிய வரிசையில் தானும் போய் உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது.

நான்கு மணிக்கு நோயாளியும் மனைவியும் வந்தார்கள். ரப்பர் கையுறை நாற்றமும் கிருமிநாசினி வாடையும் கலந்த அந்தச் சின்ன அறையில், ஏசி எங்கோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்க, சுவரை அடைத்து நின்ற கண்ணாடிக்கு முன் இரண்டு நாற்காலிகளில் நோயாளியும் பயிற்சியாளரும் அருகருகே உட்கார்ந்தார்கள். பின்னால் மனைவி, மடியில் கைப்பை.

"என் உதட்டைப் பாருங்க. ப."

உதடுகளைச் சேர்த்தார். கண்ணாடியில் அவை சேரவில்லை. தாடை இடப்பக்கம் நழுவியது.

மறுபடி. நழுவியது.

நோயாளி அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகப் பார்த்த அதே பொறுமையோடு. பிறகு அவருடைய உதடுகள் மெல்லச் சேர்ந்தன.

"ப," என்றார்.

"மூளைக்கு நல்லது கெட்டது தெரியாது."

நோயாளியின் வாயிலிருந்து வந்தது பயிற்சியாளரின் குரல். அதே சலிப்பு. அதே இளக்காரம்.

"நூறு தடவைக்கு மேலயே செஞ்சீங்க. பழகிடுச்சு."

பயிற்சியாளர் கதவைப் பார்த்துக் கத்தினார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஐயோ சார், அவங்க முன்னாடியேவா அதைச் செஞ்சு காட்டுறீங்க?"

கதவு மூடியது.

பின்னால் நோயாளியின் மனைவி முதல்முறையாகச் சிரித்தாள். எழுந்து வந்தாள். ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினாள். சிவப்பு விளக்கு.

நோயாளி நல்ல கையால் நாக்கை அழுத்தும் குச்சியை எடுத்தார்.

"வாயைத் தொறங்க. இன்னொரு தடவை."

நாக்கில் மரத்தின் சுவை. கண்ணாடியில் ஒரு உதடு தொங்கியது. எச்சில் கோடாக இறங்கியது.

பயிற்சியாளர் காதில் மட்டும், "என்னை விட்டுடுங்க" என்று தன் குரல் சுத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.