படத்தில் இருந்த தாயத்து

ட்ரிங்... ட்ரிங்...!

ஆவடி ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பக்தவத்சலம் வடையைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். நேற்றைய வடை. வருத்தமில்லை.

"சார், டாக்டர் சண்முகசுந்தரம் பேசறேன். என் நர்ஸிங் ஹோம்ல ஒரு குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாங்க!"

ஜீப் பறந்தது.

கட்டிலில் இரண்டு வயது கிறிஸ்துராஜ். வயிற்றுப்போக்கில் வற்றிப்போயிருந்தான். கழுத்து நரம்பு வழியாக உள்ளே ஒரு மெல்லிய குழாய். சலைன் பாட்டில் சும்மா தொங்கியது.

"ஏன் இன்னும் ஏத்தலை?"

"குழாய் முனை இதயத்துக்குப் பக்கத்துல சரியா இருக்கான்னு எக்ஸ்ரேல பார்த்துட்டுத்தான் ஏத்தணும். இடம் தப்பினா சலைன் நெஞ்சுக்குள்ள ரொம்பி உயிரே போயிடும்!"

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல குழாய் சரியாத்தான் இருக்கு. ஆனா கழுத்தைப் பாருங்க... மூடி நசுங்கின தாயத்து!"

குழந்தையின் கழுத்தில் ஒன்றுமே இல்லை!

"இது வேற குழந்தையோட படம், சார். யாரோ மாத்திட்டாங்க!"

"இன்னொண்ணு எடுங்களேன்?"

"கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வருமாம். அதுவரைக்கும் பையன் தாங்கமாட்டான்."

இன்ஸ்பெக்டர் எக்ஸ்ரே எடுக்கும் வேம்புலியை முறைத்தார்.

"சத்தியமா சார்! இன்னிக்கு நான் எடுத்ததே ஒரு படந்தான். அவசரத்துல சட்டைய கழட்டாம எடுத்துட்டேன். அது ஒண்ணுதான் சார் என் தப்பு!"

குழந்தையின் அப்பா அருள்தாஸ் எகிறினார். சேக்காடு கிறிஸ்தவ சபையின் மூப்பர்.

"தாயத்தா? எங்க ஊட்லயா? நாங்க வேதக்காரங்க சார்!"

"அப்ப வேம்புலிதான். ஏறுய்யா ஜீப்புல!"

"ஐயோ, புள்ள செத்துகினு கீது... நைனா, உனுக்கு எதுனா தெரிஞ்சா சொல்லு நைனா!" வேம்புலி அருள்தாஸைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஞானகுமாரி மகனின் உதட்டை ஈரத்துணியால் நனைத்தாள். "எம்புள்ள கண்ணையே தொறக்கமாட்டேங்குதுங்க..."

பெற்றவள் குரல். அருள்தாஸின் கை சட்டைப் பைக்குள் போய் வெளியே வந்தது.

மூடி நசுங்கின தாயத்து!

"திருவேற்காட்டுல வாங்கினு வந்தேன் சார். பயத்துல கட்டிட்டேன். படம் எடுத்ததும், இவ பாக்குறதுக்குள்ள அவுத்துட்டேன். சபையில தெரிஞ்சா மானம் பூடும்..."

டாக்டர் அதைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நசுங்கல் உட்பட அதேதான்! சலைன் சொட்டத் தொடங்கியது.

வெயில் தாழ்ந்தபோது பையன் கண்ணைத் திறந்து, "ம்மா... தண்ணி" என்றான்.

அருள்தாஸ் குலுங்கிக் குலுங்கி அழுதார். "என்னை மன்னிச்சிடு குமாரி. உனக்குத் தெரியாம பண்ணிட்டேன்."

குமாரி மகனின் இடுப்புத் துணியை லேசாக விலக்கினாள்.

அரைஞாணில்... இன்னொரு தாயத்து!

"பூந்தமல்லில மந்திரிச்சதுங்க. போன வாரமே கட்டிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. நல்லவேளை, படம் நெஞ்சோட நின்னுடுச்சி..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"டாக்டர்... கரண்ட் வந்ததும் மூப்பரையும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துடுங்க!"