சோப்புப் போட்ட இலை

“ஐயா, கூடையை எடுங்க! என் ஸ்டாலே மறையுது!”

யாதிரா கத்திய கத்தலில், சேப்பங்கிழங்குக் கூடைக்குப் பின்னாலிருந்து அவன் நிமிர்ந்தான். அடடா... அந்தக் கண்கள்! காப்பிக்கொட்டை நிறத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு... அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

“பத்து வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா இது இந்த இசாவ்ரோவோட இடம், டாக்டரம்மா. நீங்கதான் இன்னிக்குப் புதுசு.”

“இது அறிவியல் விழா. கிழங்குக் கடை இல்ல!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இசாவ்ரோ கூடையை நகர்த்தினான். அந்தச் சிரிப்பைக் காணோம்.

அவளுக்கு வேறு கவலை. பல்கலைக்கழகக் குழு பதினொரு மணிக்கு மெக்சிகோவின் ஹலாப்பா நகரப் பூங்காவுக்கு வருகிறது. நானோ அறிவியலைக் காட்ட மலைக்கிராமப் பள்ளிகளுக்கு அவள் ஓட்டிப்போகும் வண்டி இனியும் ஓடுமா, நிற்குமா என்பது இன்று தெரிந்துவிடும்.

குழு வந்தது, கூட்டமும் சேர்ந்தது. பளபளவென்ற சேப்பங்கிழங்கு இலையை யாதிரா உயர்த்திக் காட்டினாள்.

“இதுமேல கண்ணுக்குத் தெரியாத மெழுகுத் துணுக்குங்க இருக்கு. ஒரு தலைமுடியை ஆயிரமாப் பிளந்தா எவ்வளவோ, அவ்வளவு சின்னது! அதனால தண்ணி ஒட்டாது... பாருங்க!”

ஊற்றினாள். தண்ணீர் ஒட்டியது! யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழுத் தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐயோ... அந்தக் கிழங்குக்காரனிடமா கேட்பது? அப்படிப் பேசிவிட்டு? கௌரவம் பார்த்தால் வண்டி போய்விடுமே! போனாள்.

“இலை... ஏன் இப்படி ஆச்சு?”

“இவ்வளவு பளபளப்பு ஏது?”

“குழு வருதேன்னு சோப்புப் போட்டு... தேய்ச்சேன்.”

“குளிப்பாட்டிட்டீங்களா! மேல பூத்திருந்த மாவெல்லாம் போச்சே!”

அந்த மாவுதான் மெழுகு! அதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், அதையே தேய்த்துக் கழுவியிருக்கிறாள்! முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து மழை... கூட்டம் கலையத் தொடங்கியது.

இசாவ்ரோ கூடையை மூடியிருந்த பெரிய இலையை உருவினான். ஓடிப்போய்த் தலைவியின் தலைக்கு மேல் பிடித்தான்.

“ஓடாதீங்க! டாக்டரம்மா சொன்னது இங்க நடக்குது!”

மழைத்துளிகள் இலைமேல் முத்து முத்தாக உருண்டோடின. கூட்டம் திரும்பியது. அவன் இலைகளை நீட்ட நீட்ட, குழந்தைகள் பிடுங்கிக்கொண்டார்கள். யாதிரா நனைந்தபடியே பாடம் நடத்தினாள்... என்ன குரல், என்ன வேகம்! பூங்காவே கைதட்டியது.

“வண்டி ஓடட்டும்,” என்றார் தலைவி. “இலையும் ஏத்திக்கோ. சோப்பு மட்டும் வேண்டாம்!”

கூட்டம் போன பின் ஒரே இலைக்கடியில் இருவர்.

“காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது...”

“விடுங்க. கத்துனப்பவே பிடிச்சுப்போச்சு.”

“எது?”

“நீங்கதான்...”

அவள் கீழே பார்த்தாள். பிறகு நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள்.

“வண்டியில முன்சீட்டு காலியா இருக்கு. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, இசாவ்ரோ. வர்றீங்களா?”

அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான்.