நான்கு கைகளுக்கு ஒரு பாட்டு

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் விளக்கினான். பால் காய்ச்சினான், முட்டை வேகவைத்தான், துணி இயந்திரத்தை ஓடவிட்டான். ஆறரைக்கு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகள் பியானோ வாசிக்கத் தொடங்கினாள். அதே பாட்டு. மனைவி இறந்ததிலிருந்து ஐந்து மாதமாக அதே பாட்டு. மேலே மெல்லிய, துள்ளுகிற சுரங்கள். அடியில் கனமாக, அவசரமில்லாமல் நடந்து வரும் இன்னொரு வரிசை. அதைக் கேட்டபடி முகம் மழித்தான். துடைத்துக்கொண்டான்.

ஏழேகாலுக்கு அவள் சாப்பிட வந்தாள். இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். உச்சி வகிடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. அவனுக்குப் பின்னத் தெரியாது. இத்தனை நாளும் ஒரு ரப்பர் வளையத்தில் அள்ளி முடிந்துதான் பள்ளிக்கு அனுப்பினான்.

"யாரு குட்டி பின்னி விட்டா?"

"பால்ல ஆடை இருக்குப்பா. எடுத்துடுங்க."

கரண்டியால் ஆடையை எடுத்துப் போட்டான். கேள்வி அங்கேயே கிடந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

பத்தரைக்கு மகளின் பியானோ நிகழ்ச்சி. மண்டப வாசலில் அவனுடைய அக்கா காத்திருந்தாள். குழந்தையின் கையைப் பிடித்தவள் அதைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள்.

"என்னடி இப்படிச் சில்லுனு இருக்க?" பிறகு அவனிடம் திரும்பினாள். "டேய், பொண்ணு எலும்பும் தோலுமா ஆயிட்டா. உன் சமையலைச் சாப்பிட்டா சுவரே மெலிஞ்சிடும். லீவு விட்டதும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"சரி."

"எல்லாத்துக்கும் ஒரு சரி. உன் மேல லாரி ஏத்தவான்னு கேட்டாலும் சரிம்ப."

"லீவுக்கு நான் இருக்க மாட்டேன் அத்தை," என்றாள் மகள். "இன்னிக்குப் பாட்டு முடிஞ்சதும் கிளம்பிடுவேன்."

"ஓ, அப்பாவும் பொண்ணும் டூரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

குழந்தை மற்றப் பிள்ளைகளோடு மேடைக்குப் பின்னால் போய்விட்டாள். அவன் எந்தப் பயணத்துக்கும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

பியானோ ஆசிரியை ஒரு தாளோடு வந்தார். அவனைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தப் படிவத்துல..."

தாளின் அடியில் அவன் கையெழுத்து. சமையல் மேடையில் வைத்துப் படிக்காமல் போட்டுக் கொடுத்தது. 'வாசிப்பவர்கள்' என்ற இடத்தில் இரண்டு கோடுகள். முதலாவதில் மகளின் பெயர். இரண்டாவதில் அவளுடைய உருண்டை எழுத்தில், அம்மா.

"இது நாலு கைக்கான பாட்டு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து வாசிக்கணும். பாப்பாவுக்கு மேல் பகுதி மட்டும்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். கீழ்ப் பகுதியை அவங்கம்மா வாசிக்கறதா இருந்தது. நான் வாசிக்கறேன்னு சொன்னேன். வேண்டாம் மிஸ், ஆள் இருக்குன்னுட்டா. நான் வற்புறுத்தலை. தனியாவே வாசிக்கட்டும்."

"அவளுக்குக் கீழ்ப் பகுதியும் தெரியும். வீட்ல தினமும் வாசிக்கறாளே."

ஆசிரியை அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"ரெண்டையும் சேர்த்து வாசிக்க ரெண்டு கை போதாது சார். அதுவும் அந்தக் கைக்கு. எட்டவே எட்டாது."

அவன் இருக்கைக்குத் திரும்பினான். தூசி படிந்த வெல்வெட், யாருடைய ஈரக் குடையோ விட்ட வாசம், மூடிய திரைச்சீலைகளின் விளிம்பில் கசிந்த பகல் வெளிச்சம், முன் வரிசையில் மிட்டாய்த் தாள் பிரிபடும் ஓசை என்று ஒவ்வொன்றும் அவன்வரை வந்து, தொடாமல், நின்றது. அவன் வேலை காது பரிசோதனை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருப்பவரின் காதுக்குள் ஒலியை அனுப்பி, கேட்டால் கை தூக்கச் சொல்வான். கேட்காமலே தூக்குகிறவர்கள் உண்டு. அதனால் அவன் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்பான். ஒலி உள்ளே போனால் இமைக்குக் கீழே ஒரு தசை அசையும். பத்து வருடமாக மற்றவர்களின் காதை அளந்தவன், ஐந்து மாதமாகத் தன் வீட்டுச் சுவருக்கு அப்பால் எத்தனை கைகள் வாசித்தன என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மகளின் முறை வந்தது.

பியானோ மேடையின் பின்சுவரை ஒட்டி நின்றது. வாசிப்பவர்களின் முதுகு மட்டுமே தெரியும். நீளமான மெத்தை இருக்கையின் வலது ஓரத்தில் அவள் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கின. இடது பாதி காலியாக இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அக்கா அவன் காதருகே, "மறந்துட்டாளோ?" என்றாள்.

மெத்தையின் இடது பாதி மெதுவாக அமுங்கியது.

மகள் அந்தப் பக்கம் திரும்பினாள். தன் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். தலையாட்டினாள்.

கீழ்ப் பகுதி தொடங்கியது.

கனமாக. அவசரமில்லாமல். அவள் கைகள் இன்னும் மடியில்தான் இருந்தன. பியானோவின் அடியில் பெடல் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. அவள் கால்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவன் முகங்களைப் பார்த்தான். வேலையில் பார்ப்பதுபோல். வரிசை வரிசையாக. இமைக்குக் கீழே அந்தச் சின்ன அசைவு. எல்லோருக்கும் கேட்டது. மேடை ஓரத்தில் ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மேல் பகுதி சேர்ந்துகொண்டது. பிசகில்லை. இவ்வளவு நன்றாக அவள் வாசித்து அவன் கேட்டதில்லை.

அக்காவின் நகங்கள் அவன் மணிக்கட்டில் இறங்கின. வலித்தது. வலி எங்கோ வேறொருவருடைய கையில் இருந்தது.

பாட்டு முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை.

மகள் இருக்கையிலிருந்து குதித்து இறங்கினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வலது பக்கப் படியில் இறங்கி அப்பா அம்மாவிடம் ஓடினார்கள். அவள் வலது பக்கம் பார்க்கவில்லை. இடது கையை நேராக மேலே தூக்கினாள். விரல்கள் எதையோ பற்றி மூடின. ஒரு பெரியவரின் கை தொங்கும் உயரம்.

இடது பக்கம் நடந்தாள். அங்கே கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் வழி கிடையாது, சுவர்தான்.

எழுந்திரு. கூப்பிடு. பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

கால்கள் எழவில்லை.

திரை ஆடியது. பின்னலின் நுனி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அக்கா கத்திக்கொண்டே மேடைக்கு ஓடித் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் தெறித்து விழுந்தன.

சுவர்.

சுவரோரத்தில் ஒரு ஜோடிச் சின்னக் காலணிகள்.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவன் ஒரே பதிலைச் சொல்லியிருந்தான். குழந்தையை நல்லபடியா பார்த்துக்கோ என்றாளாம். கேட்டவர்கள் அழுதார்கள். அப்படித்தான் ஒருத்தி சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் அதைச் சொல்லவில்லை. நான்கு இரவு தூங்காமல் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தவன், அவள் கேட்டது என்னவென்று மனதில் ஏறுவதற்கு முன்பே அவள் கையைத் தட்டிக் கொடுத்து, சரி என்றிருந்தான்.

"தனியா போகப் பயமா இருக்கு. குட்டியை என்கூட அனுப்பிடு."